சர்வீஸ் ஓடுகிறது, பெட்டியைக் காணோம்

காலபோக அறுவடை முடிந்து மாசியில் நெல் வரத் தொடங்கினால் பரந்தன் பக்கத்து மில்களில் லொறியும் ட்ரக்டர் பெட்டியும் வரிசை கட்டி நிற்கும். அப்படி ஒரு நாளில்தான் எனக்குப் போன் வந்தது. "அண்ணை, தராசு நிறை காட்டுது, கொம்பியூட்டரில பெட்டி வருதில்லை. துண்டு அடிக்கேலாமக் கிடக்கு." பேசியது மில்லில் கணக்குப் பார்க்கும் பெடியன். பின்னால் முதலாளியின் குரலும் கேட்டது: "தம்பியை உடன வரச் சொல்லு, லொறி றோட்டு மட்டும் நிக்குது."

அந்த நிறுவை மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எழுதியது. சீரியல் போர்ட் வழியாகத் தராசிலிருந்து நிறையை வாங்க ஒரு சர்வீஸ், அதாவது விண்டோஸே தொடங்கி நடத்தும் நிரல், பின்னணியில் ஓடும். அதே சர்வீஸ் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து, லொறி இலக்கம் என்ன, யாருடைய நெல், எத்தனை மூடை என்று கேட்கும். பழைய இயந்திரம் கருகிப் போனதால் முந்தின கிழமை விண்டோஸ் 10 போட்ட புதியதை வைத்திருந்தார்கள். சர்வீஸ் பட்டியலைப் பார்த்தால் 'ஓடுகிறது' என்று இருக்கிறது. பெட்டி மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு இதே வகைக் கோளாறைக் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் வேறு வேறு வேஷத்தில் பார்த்துவிட்டேன். அறிகுறி வாரியாகக் கீழே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: யார் எந்த அறையில் இருக்கிறார்கள்?

விண்டோஸில் செஷன் என்பதை ஒரு வீட்டின் அறை என்று வையுங்கள். எக்ஸ்பியில் சர்வீஸ்களும் முதலில் லொக் ஒன் செய்கிற ஆளும் ஒரே அறையில், பூச்சிய செஷனில், இருந்தார்கள். ஆகவே சர்வீஸ் திறந்த பெட்டி ஆளின் கண்ணுக்குத் தெரிந்தது. 2002இல் இதில் உள்ள ஆபத்து வெளியே வந்தது. ஒரே டெஸ்க்டொப்பில் இருக்கும் எந்தச் சின்ன நிரலும், உச்ச அதிகாரத்தில் ஓடும் சர்வீஸின் பெட்டிக்குச் செய்தி அனுப்பி, தனக்கு வேண்டியதை அதன் கையால் செய்விக்கலாம். 'ஷாட்டர்' தாக்குதல் என்று அதற்குப் பெயர். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவில் நடுவே சுவர் எழுப்பினார்கள். சர்வீஸ்களுக்குப் பூச்சியம், ஆட்களுக்கு 1இலிருந்து மேலே.

எங்கள் மில்லின் பெட்டி திறக்காமல் இல்லை. திறந்துதான் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம். யாராவது ஓகே அமத்துவார்கள் என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது.

எனவே எதையும் நோண்டுமுன் கட்டளைத் திரையில் 'குவெரி செஷன்' என்று அடித்துப் பாருங்கள். எந்தெந்த செஷன் உண்டு, எது இயங்குகிறது, யார் உள்ளே என்று வரும். அந்தக் கட்டளை இல்லாத பதிப்பானால் டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் 'செஷன் ஐடி' என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலுக்கு நேரே 0 இருக்கிறதா, 1 இருக்கிறதா? இந்த ஒரு இலக்கம் தெரியாமல் இரண்டு நாள் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

பெட்டி வரவில்லை, நிகழ்வுப் பதிவில் 7030

சர்வீஸின் பண்புகளில் 'லொக் ஒன்' பக்கத்தில், டெஸ்க்டொப்புடன் ஊடாட அனுமதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் சரி போட்டிருந்தால்தான் 7030 வரும். "இது ஊடாடும் சர்வீஸ் என்று குறித்திருக்கிறது, ஆனால் இந்தக் கணினி அப்படியானவற்றை அனுமதிப்பதில்லை" என்பது அதன் சாரம்.

விஸ்டாவிலும் 7இலும் இதற்கு ஒரு சமாளிப்பு இருந்தது. 'இன்டராக்டிவ் சர்வீசஸ் டிடெக்ஷன்' என்று ஒரு காவலாள். அந்தப் பக்கம் பெட்டி ஏதும் திறந்தால் பணிப்பட்டையில் மின்னி மின்னிக் கூப்பிடும். அமத்தினால் சுவரைத் தாண்டி உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும், திரும்பி வர ஒரு பொத்தானும் தரும். விண்டோஸ் 8இலிருந்து ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், 'நோ இன்டராக்டிவ் சர்வீசஸ்' என்ற மதிப்பை 1 ஆக வைத்து அந்தக் காவலாளைத் தூங்க வைத்தார்கள். 0 ஆக மாற்றினால் எழும்புவார். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பில் ஆளையே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் 'அதை 0 ஆக்கு' என்று இருக்கிற குறிப்புகள் பழையவை. உங்கள் பதிப்பு 1803 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒளிந்திருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டும் ஒன்றும் நடக்கவில்லை

ஆவணத்தில் இல்லாத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் சுவரைத் தாண்டலாம் என்று இங்கேதான் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

மைக்ரோசொஃப்ட் ஆவணத்தில் உள்ள செஷன் ஃபங்ஷன்கள் 'டபிள்யூ.டி.எஸ். ஏ.பி.ஐ. 32' என்ற டி.எல்.எல்.லில் (பல நிரல்கள் பொதுவாகக் கூப்பிடும் ஃபங்ஷன்கள் அடங்கிய கோப்பில்) இருக்கின்றன. அது பெரும்பாலும் ஒரு முகப்புத்தான். வேலை நடப்பது அதன் பின்னால் 'வின்ஸ்டா' என்ற டி.எல்.எல்.லில். அதன் ஏற்றுமதிப் பட்டியலை, அதாவது வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்களின் பட்டியலை, 'டம்ப்பின்' கருவியால் எடுத்துப் பார்த்தால் வின்ஸ்டேஷன் என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக வரும்: எனுமரேட், கனெக்ட், டிஸ்கனெக்ட், குவெரி இன்ஃபர்மேஷன், சென்ட் மெசேஜ். அவற்றுக்கு நடுவில் இரண்டு: 'வின்ஸ்டேஷன் ஸ்விட்ச் டு சர்வீசஸ் செஷன்', 'வின்ஸ்டேஷன் ரிவர்ட் ஃப்ரம் சர்வீசஸ் செஷன்'. முதலாவது பூச்சிய அறைக்குக் கொண்டுபோகும், இரண்டாவது திருப்பிக் கொண்டுவரும். இரண்டுக்கும் உள்ளீடு எதுவும் வேண்டாம். டி.எல்.எல்.லில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடும் விண்டோஸ் கருவியான 'ரன்டில்எல் 32' மூலம் ஒரே வரியில் கூப்பிடலாம். விண்டோஸ் 7இல் நன்றாக வேலை செய்தது.

புதிய மில் இயந்திரத்தில் அந்த வரியை அடித்தேன். திரை அசையவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. காரணம் இரண்டு. அந்தப் பயணம் மேலே சொன்ன காவலாள் ஓடிக்கொண்டிருப்பதை நம்பியது, அவர் இப்போது இல்லை. அப்புறம், ரன்டில்எல் கூப்பிட்ட ஃபங்ஷன் என்ன பதில் தந்தது என்று உங்களுக்குச் சொல்லாது. ஆகவே சோதிப்பதற்கு அதை நம்பாதீர்கள். நாலு வரியில் சொந்தமாக ஒரு நிரல் எழுதி, பதிலையும் கடைசிப் பிழை இலக்கத்தையும் அச்சிட்டுப் பாருங்கள்.

அப்படி எழுதும்போது கால் இடறும் இடங்கள்:

பிழை 127 வந்தால் அந்தப் பெயரில் ஃபங்ஷன் இல்லை என்று பொருள். பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். பெயர் இடைவெளியின்றிச் சேர்ந்து வர வேண்டும், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரியது, ஒரு எழுத்து மாறினாலும் கிடைக்காது. சரத்தை வாங்கும் ஃபங்ஷன்களுக்குக் கடைசியில் 'டபிள்யூ' வேண்டும். பெயர் பிடிபடவில்லை என்று ஏற்றுமதி வரிசை இலக்கத்தால் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் அந்த இலக்கத்தில் வேறு ஃபங்ஷன் இருக்கலாம். செய்யாதீர்கள்.

பிழை 193 வந்தால் பழைய இயந்திரத்திலிருந்து யாரோ டி.எல்.எல்.லைப் பிரதி எடுத்து நிரலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். 32 பிட்டும் 64 பிட்டும் முட்டுகின்றன. அழித்துவிட்டு, சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து மட்டும் ஏற்றும்படி நிரலில் சொல்லுங்கள். உச்ச அதிகாரத்தில் ஓடும் சர்வீஸ், பக்கத்தில் கிடக்கும் டி.எல்.எல்.லை எடுத்து ஏற்றுவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம்.

ஃபங்ஷன் முடிந்து திரும்பும் கணத்தில் நிரல் விழுந்தால், 32 பிட்டில் அழைப்பு முறையைப் பிழையாக அறிவித்திருப்பீர்கள். 'எஸ்.டி.டி. கோல்' என்று போடுங்கள். 64 பிட்டில் அழைப்பு முறை ஒன்றுதான் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னும் ஒன்று. இதில்தான் நான் ஒரு முழு இரவைத் தொலைத்தேன். வின்ஸ்டேஷன் ஃபங்ஷன்கள் ஆம், இல்லை என்பதை ஒரே ஒரு பைட்டில் திருப்பித் தருகின்றன. சி ஷார்ப்பில் வழக்கம்போல 'பூல்' என்று அறிவித்தால் அது நான்கு பைட்டை வாசிக்கும். மிச்சம் மூன்றில் ஏதாவது குப்பை கிடந்தால் 'இல்லை' என்பது 'ஆம்' ஆகிவிடும். எல்லாம் வெற்றி என்று பதிவேடு சொல்லும், ஒன்றும் நடந்திராது. திரும்பும் மதிப்பை ஒரு பைட் என்று தெளிவாகக் குறியுங்கள்.

ஆவணம் இல்லாத ஃபங்ஷனின் உருவத்தை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். மைக்ரோசொஃப்ட் வெளியிடும் பொதுக் குறியீட்டுக் கோப்புகளில் ஃபங்ஷன் பெயர்கள் இருக்கும். 'சிஸ்டம் இன்ஃபோர்மர்' என்ற திறந்த மூலக் கருவியின் தலைப்புக் கோப்புகளில் வின்ஸ்டாவுக்கென்றே ஒன்று உண்டு, நான் முதலில் பார்ப்பது அதை. போதாவிட்டால் 2019இல் வெளியான, நிரல்களைப் பிரித்துப் படிக்கும் கருவியான 'கீட்ரா'வில் டி.எல்.எல்.லைத் திறந்து நேரடியாகப் படிக்கலாம். படிக்கும்போது பெயர்கள் குழப்பும். வின்ஸ்டேஷன் என்றால் செஷன். ஒவ்வொரு செஷனுக்கும் உள்ளே 'வின்ஸ்டா0' என்று, டெஸ்க்டொப்புகளை வைத்திருக்கும் ஒரு விண்டோ ஸ்டேஷன் இருக்கும், அது வேறு. 'லொகன் ஐடி' என்று வரும் உள்ளீடு உண்மையில் செஷன் இலக்கம். டேர்மினல் சர்வர் தொழில்நுட்பம் சிட்ரிக்ஸ் நிறுவனத்திடமிருந்து உரிமம் வாங்கி 1998இல் என்.டி. 4.0இன் தனிப்பதிப்பாக வந்தது. அந்தப் பரம்பரையின் அடையாளம்தான் பிழைப் பெயர்களில் இன்றும் நிற்கும் 'சி.டி.எக்ஸ்.' எழுத்துகள்.

அப்படிப்பட்ட ஒரு பிழை 7022. கேட்ட செஷன் இல்லை என்று பொருள். நிகழ்வுப் பதிவிலும் ஒரு 7022 வரும், அது சர்வீஸ் தொடங்கும்போது தொங்கிவிட்டது என்று சொல்வது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தேடினால் இணையம் உங்களை ஊர் சுற்ற வைக்கும்.

பூச்சிய அறைக்குப் போய்விட்டேன், திரும்ப வழியில்லை

விண்டோஸ் 7 வைத்திருக்கும் மில்களில் இது நடக்கும். காவலாள் மூலம் போனால் திரும்பும் பொத்தானோடு ஒரு பெட்டி வரும். நீங்களாக ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் போய், அந்தப் பெட்டி வராமல் விட்டால், வெறும் டெஸ்க்டொப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அங்கே தொடக்கப் பொத்தானும் இல்லை, பணிப்பட்டையும் இல்லை. பவர் பொத்தானை அமத்திப் பிடிப்பதுதான் பலருக்குத் தெரிந்த வழி. நிறுவைப் பதிவு பாதியில் இருக்கும்போது அப்படிச் செய்தால் பிறகு முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் செய்வது: போவதற்கு முன்பே சர்வீஸில் 60 செக்கனுக்கு ஒரு டைமர் வைத்து, அது முடிந்ததும் 'ரிவர்ட்' ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன். அங்கே பார்க்க வேண்டியதை ஒரு நிமிடத்தில் பார்க்க முடியாவிட்டால் திரும்பவும் போகலாம்.

இரணைமடுக் குளம் வான் பாயாத காலத்தில் அதன் கீழால் நடந்து போகிற ஒற்றையடிப் பாதை போலத்தான் இந்த ஃபங்ஷன்கள். கிட்டிய வழி, போகலாம். வான் கதவு திறந்த அன்று பாதை எங்கே என்று யாரையும் கேட்க முடியாது. கோளாறு கண்டுபிடிக்க இவற்றில் நடந்து போங்கள், மில்லின் அன்றாட வேலையை இவற்றின் மேல் கட்டாதீர்கள். மற்ற அறிகுறிகளுக்கு ஆவணத்தில் உள்ள வழியையே சொல்கிறேன்.

பிழை 1314

ஆவண வழி இது: எந்த செஷனில் ஆள் இருக்கிறார் என்று கண்டுபிடி, 'டபிள்யூ.டி.எஸ். குவெரி யூசர் டோக்கன்' மூலம் அவருடைய டோக்கனை (அவர் யார், என்ன உரிமை உண்டு என்று சொல்லும் அடையாளச் சீட்டை) வாங்கு, 'கிரியேட் ப்ரொசெஸ் ஆஸ் யூசர்' மூலம் அவருடைய அறையிலேயே நிரலைத் தொடங்கு. டோக்கன் வாங்கும் இடத்தில் 1314 வந்தால் உரிமை இல்லை என்று பொருள். நிர்வாகி என்ற உரிமை இதற்குப் போதாது, 'லோக்கல் சிஸ்டம்' கணக்கில் ஓட வேண்டும். கட்டளைத் திரையில் இருந்து சோதிக்கிறவர்கள் 'பி.எஸ். எக்ஸெக்' கருவியை சிஸ்டம் கணக்கில் திறந்து அதற்குள் சோதியுங்கள். வேறு ஒன்றும் இல்லை இதில்.

பிழை 1008, அதுவும் நான் பார்க்கும்போது மட்டும்

பிழை 1008 என்றால் அந்த செஷனில் டோக்கன் இல்லை. கரண்ட் போய் வந்து இயந்திரம் தானாக எழும்பி, இன்னும் யாரும் லொக் ஒன் செய்யாமல் இருந்தால் இது நியாயம். திரையில் செஷன் இருக்கும், அதற்குள் ஆள் இருக்க மாட்டார். தொடர்ந்து முட்டாமல், செஷன் மாற்ற அறிவிப்பு வரும்வரை சர்வீஸைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆள் உள்ளே வந்ததும் விண்டோஸே சர்வீஸுக்குச் சொல்லும். அதை வாங்குவதற்குப் பழைய 'ஹான்ட்லர்' போதாது, 'ஹான்ட்லர் எக்ஸ்' வேண்டும்.

மில்லில் வந்தது வேறு. இந்த ஆவண வழியில் நிரலைத் திருத்தி வைத்துவிட்டு வந்தேன், இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் பெடியன் போன் எடுத்தான்: "அண்ணை, சிலநேரம் பெட்டி வருதில்லை." கடையில் இருந்தபடியே ரிமோட் டெஸ்க்டொப்பால் உள்ளே போனேன். உண்மைதான், வரவில்லை. பதிவேட்டில் 1008. பெடியனிடம் கேட்டேன்: "இப்ப வருதோ?" "நீங்கள் வந்தாப் பிறகு எங்களுக்குத் திரையே பூட்டுப்பட்டுப் போச்சு." துண்டித்தேன். அவன் திரும்ப உள்ளே போனான், பெட்டி வந்தது. மறுபடி இணைந்தேன், போய்விட்டது. பேய் பிடித்த வீட்டில் விளக்குப் போட்டதும் பேய் மறைகிற கதை.

விளக்கம் 'குவெரி செஷன்' தந்த நாலு வரியில் இருந்தது. நான் ரிமோட்டில் அதே கணக்கால் உள்ளே போனதும் பெடியனுடைய செஷன் 1 அப்படியே என் பக்கம் வந்துவிட்டது. மில்லில் உள்ள திரைக்கு விண்டோஸ் புதிதாக ஒரு செஷனைக் கொடுத்து லொக் ஒன் திரையைக் காட்டியது. என் நிரலோ 'கன்சோல் செஷன் எது' என்று கேட்கும் 'டபிள்யூ.டி.எஸ். கெட் ஆக்டிவ் கன்சோல் செஷன் ஐடி'யைக் கூப்பிட்டது. அது புதிய, ஆளில்லாத செஷனின் இலக்கத்தைத் தந்தது. கன்சோல் என்றால் அந்த இயந்திரத்தில் நேரடியாகச் செருகிய திரை, ஆள் இருக்கும் இடம் அல்ல. இரண்டும் ஒன்று என்று நான் நினைத்ததுதான் பிழை. முதலில் சிலநேரம் வராமல் விட்டதற்கும் நானே காரணம், அந்த இரண்டு நாளும் இடைக்கிடை எட்டிப் பார்த்திருந்தேன்.

தீர்வு சின்னது. 'டபிள்யூ.டி.எஸ். எனுமரேட் செஷன்ஸ்' மூலம் எல்லா செஷனையும் எடுத்து, 'ஆக்டிவ்' நிலையில் உள்ளதைத் தேர்ந்து, பூச்சியத்தை விலக்கி, அதன் டோக்கனைக் கேளுங்கள். கன்சோல் ஃபங்ஷனையே பாவிக்க வேண்டி வந்தால் அது தரும் இலக்கத்தைச் சோதியுங்கள். எந்த செஷனும் திரையோடு இணையாத இடைவெளியில் அது 32 பிட்டும் 1 ஆன மிகப் பெரிய எண்ணைத் தரும். அதை செஷன் இலக்கம் என்று எடுத்துக்கொண்டு போனால் மேலும் இரண்டு பிழைகள் இலவசம்.

நிரல் தொடங்குகிறது, ஆனால் தெரியவில்லை. தெரிந்தால் கோப்பைக் காணோம்

டாஸ்க் மேனேஜரில் செஷன் 1 என்று வந்தும் பெட்டி தெரியாவிட்டால், தொடக்கத் தகவலில் டெஸ்க்டொப் பெயரை வெறுமையாக விட்டிருப்பீர்கள். 'வின்ஸ்டா0', ஒரு பின்சாய்கோடு, 'டிஃபோல்ட்' என்று எழுதிக் கொடுங்கள்.

தெரிகிறது, ஆனால் தற்காலிகக் கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள் போகின்றன, பயனரின் அமைப்புகள் வரவில்லை என்றால் சூழல் மாறிகள் சர்வீஸுடையவை. 'கிரியேட் என்விரோன்மென்ட் பிளொக்' மூலம் பயனருடையதைச் செய்து கொடுங்கள். கொடுத்ததும் பிழை 87 வந்தால், யூனிகோட் சூழல் என்ற கொடியைப் போட மறந்துவிட்டீர்கள்.

செய்தி 'கிளிந' என்று பாதியில் நிற்கிறது

முழுப் பெட்டி வேண்டாம், ஒரு செய்தி காட்டினால் போதும் என்றால் 'டபிள்யூ.டி.எஸ். சென்ட் மெசேஜ்' நல்லது. சர்வீஸில் இருந்தே வேறு செஷனின் திரையில் செய்தி காட்டும். தமிழில் காட்ட இரண்டு கவனம் வேண்டும்.

கேள்விக்குறிகளாக வந்தால் 'ஏ'யில் முடியும் வடிவத்தைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த வடிவம் பாவிக்கும் ஏ.என்.எஸ்.ஐ. குறியீட்டுப் பக்கம் விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது. 'டபிள்யூ'வில் முடிவதை எடுங்கள்.

பாதியில் வெட்டுப்பட்டால், நீளத்தை எழுத்துக் கணக்கில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஃபங்ஷன் கேட்பது பைட் கணக்கு. 'கிளிநொச்சி' என்பதில் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 10 குறியீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக 20. நீங்கள் 10 என்று கொடுத்தால் 'கிளிந' வரை வந்து நிற்கும். ஆங்கிலத்தில் 'ஓகே' என்று மட்டும் காட்டிச் சோதிக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாமலே போகும்.

செய்தி வரவேயில்லை, சர்வீஸும் உறைந்துவிட்டது என்றால் செஷன் இலக்கத்துக்கு 'நடப்பு செஷன்' என்ற மாறிலியைக் கொடுத்திருப்பீர்கள். சர்வீஸுக்கு நடப்பு செஷன் பூச்சியம். செய்தி அங்கே போய் நின்று, பதிலுக்காகக் காத்திருக்கும். காலவரையறை 0 என்றால் என்றென்றைக்கும். சர்வீஸ் தொடங்கும்போதே இப்படி ஏதாவது பெட்டி வழிமறித்தால் பிழை 1053 வரும். உரிமம் காலாவதி என்று சொல்லும் பெட்டிதான் எனக்கு அதிகம் மாட்டியது.

பைப்பில் பிழை 5, ஈவென்ட்டில் பிழை 2

கடைசியில் மில்லில் நான் செய்தது நிரலை இரண்டாகப் பிரித்தது. தராசோடு பேசுவது சர்வீஸ், பெடியனோடு பேசுவது அவன் லொக் ஒன் செய்ததும் தானாகத் தொடங்கும் ஒரு சின்ன நிரல். நடுவில், இரண்டும் பேசிக்கொள்ளும் குழாயாக ஒரு நேம்ட் பைப். டோக்கன் வேட்டை, கன்சோல் குழப்பம் எல்லாம் அத்தோடு போய்விட்டது. ஆனால் இதற்கும் இரண்டு அறிகுறிகள் உண்டு.

பைப்பைத் திறக்கும்போது பிழை 5 வந்தால் அனுமதி இல்லை. சர்வீஸ் செய்யும் பைப்பில் பாதுகாப்பு விவரத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் மற்றவர்களுக்கு வாசிக்க மட்டும்தான் உரிமை, எழுத இல்லை. நிறை வாசிக்கலாம், லொறி இலக்கத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. லொக் ஒன் செய்த பயனர்களுக்கு எழுதும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். பிழை போகிறது என்பதற்காக 'எல்லோருக்கும் எல்லாம்' என்று திறந்துவிடாதீர்கள், விஸ்டாவில் கட்டிய சுவரை நாமே இடிப்பதாகிவிடும்.

பகிர்ந்த நினைவகமோ ஈவென்ட்டோ (ஒரு நிரல் மற்றதற்குச் சைகை காட்டும் பொருள்) பாவித்து, சர்வீஸ் செய்ததைப் பயனர் நிரல் தேடும்போது பிழை 2 வந்தால், ஒவ்வொரு செஷனுக்கும் பெயர்ப் புத்தகம் தனி என்பதுதான் காரணம். பெயருக்கு முன்னால் 'குளோபல்' என்றும் பின்சாய்கோடும் சேருங்கள்.

இஸட் டிரைவ் இல்லை, பிரின்டர் இல்லை, எக்ஸெல் உறைகிறது

மூன்றும் ஒரே குடும்பம். இணைத்த டிரைவ் எழுத்துகள் லொக் ஒன் செய்த ஆளுக்குச் சொந்தம், சர்வீஸுக்குத் தெரியாது. நெட்வொர்க் முகவரியை முழுதாக எழுதுங்கள். இயல்பு பிரின்டரும் ஆளுக்குரியதுதான், துண்டு அடிக்கும் வேலையைப் பயனர் பக்க நிரலிடம் கொடுங்கள்.

எக்ஸெலை சர்வீஸில் இருந்து ஓட்டுவதை மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதில்லை. சிஸ்டம்32 கோப்புறைக்குள் 'கொன்ஃபிக்', அதற்குள் 'சிஸ்டம் ப்ரொஃபைல்', அதற்குள் 'டெஸ்க்டொப்' என்று ஒரு வெறும் கோப்புறையைச் செய்துவிட்டால் கோப்புத் திறக்கத் தொடங்கும். 32 பிட் எக்ஸெல் என்றால் 'சிஸ்வாவ்64'க்குள். ஏன் என்று எந்த ஆவணமும் சொல்லாத கைவைத்தியம் இது. நான் செய்து பலித்திருக்கிறது, ஆனாலும் கணக்கை சி.எஸ்.வி. கோப்பாக எழுதச் சொல்லிப் பழக்கிவிடுவேன்.

காலையில் ஓடுகிறது, பின்னேரம் புதிதாக எதுவும் தொடங்காது

பிழை பதினாறடிமான எண்ணில் சி0000142 என்று வரும். சர்வீஸ் பக்கத்துக்கு ஒதுக்கிய டெஸ்க்டொப் ஹீப், அதாவது பெட்டிகள் போன்றவற்றுக்கான நினைவகம், நிறைந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் 'ஷெயார்ட் செக்ஷன்' என்று மூன்று எண்கள் இருக்கும், 64 பிட்டில் வழக்கமாக 1024, 20480, 768. மூன்றாவதுதான் இந்தப் பக்கத்துக்கு. கூட்டினால் சரியாகும், ஆனால் முதலில் 'டாஸ்க்லிஸ்ட்' போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லொறிக்கும் ஒரு நிரலைத் தொடங்கி மூடாமல் விட்டிருப்பார்கள். பின்னேரம் எண்ணினால் அன்று எத்தனை லொறி வந்தது என்றே தெரியும்.

மாங்குளத்துக்கு அங்கால் ஒரு மில்லில் இன்னும் விண்டோஸ் 7தான். மாற்றச் சொன்னேன். "சிறுபோகம் முடியட்டும் தம்பி" என்றார் ஐயா. அங்கே அந்த இரண்டு ஒளிந்த ஃபங்ஷன்களும் 60 செக்கன் டைமரும் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.